கூடை நீக்கி

காட்பாடி பார்சல் ஆபீசில்
உயிருக்கும் எடை போடுவோம்.
கூடையோடு மூன்று கிலோ இருநூறு.
கூடையைக் கழித்தால் குட்டி எவ்வளவு என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

இங்கிருந்து போகும் இலவம்பாடிக் கத்தரிக்காய்க்கு
அடியில் இலை, மேலே ஈரச்சாக்கு.
அங்கிருந்து வரும் குட்டிக்குத்
தக்காளிப் பெட்டி, பழைய பேப்பர்,
பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று.

அனுப்புநர் பெயர் எனக்கு மனப்பாடம்.
செவ்வாய்க்கு நான்கு, வெள்ளிக்கு ஆறு.
லேப், பக், பொமரேனியன்.
போன மே மாதம் ஒரு ஹஸ்கி,
வேலூர் வெயிலுக்கு.
எல்லாவற்றுக்கும் வயது நாற்பத்தைந்து நாள்.
எந்த மாதம் வந்தாலும் நாற்பத்தைந்து நாள்.
எத்தனை தாய்களைக் கட்டிவைத்தால்
ஒரு வயது இப்படி அசையாமல் நிற்கும்?

மேல்விஷாரத்து முனவ்வர்
மகளைக் கூட்டிவந்து கையெழுத்துப் போட்டார்.
போட்டோவில் நெற்றியில் வெள்ளை இருந்தது.
பெட்டியில் இருந்ததற்கு இல்லை.
"வளர வளர வந்துடுமாம் சார்."
ஆறாம் நாள் தனியாக வந்தார்,
அனுப்புநர் எண் வேண்டும் என்று.
என்னிடம் இருந்ததும் அவரிடம் இருந்த அதே எண்தான்.
"சுவிட்ச் ஆஃப் சார்" என்றார்,
ரயில்வே நினைத்தால் அதைத் திறந்துவிடும் என்பதுபோல.
மகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு.
முந்தின வாரம்தான் அந்த எண்ணில்
நானும் ஒரு குட்டிக்கு விலை பேசியிருந்தேன்.
ஸ்டாஃப் என்றால்
நல்லதாகப் பார்த்து அனுப்புவான் என்று.

முப்பிடாதியின் எண்ணைக் கொடுத்தது ஒரு கார்டு.
ராஜபாளையத்துக்குத் தெற்கே, சொந்த ஊர் நாய்தான் வளர்க்கிறாள்.
விலை கேட்டேன். சொல்லவில்லை.
"நைட் டூட்டியா?
அப்ப ராத்திரி அதுகூட யாரு?
மதில் எத்தன அடி?
முந்தி வளத்த நாய் என்னாச்சு?"
கடைசிக் கேள்விக்கு
போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

இப்போது குட்டி இல்லையாம்.
ஐப்பசியில் ஒரு ஈத்து, அதற்கப்புறம்
தாய்க்கு ஒரு வருஷம் ஓய்வு.
சரி, பார்சலில் போட்டுவிடுங்கள்,
என் ஆபீஸ்தான், நானே இறக்கிக்கொள்வேன் என்றேன்.
சிரித்தாள்.
"உங்க ஆபீஸுன்னாத்தான்
உங்களுக்கே தெரியுமே."

கார்த்திகையில், இரண்டு ரயில் மாறிப் போனேன்.
முதலில் வந்தது தாய்.
என் உள்ளங்கையை வெகுநேரம் முகர்ந்தது.
அதில் பதினெட்டு வருஷத்துக் கூடைகள் இருந்திருக்கும்.

நோட்டைப் பிரித்தாள்.
நாள்தோறும் எடை, குட்டிக்கு ஒரு பக்கம்.
முப்பதாம் நாள்: இரண்டே முக்கால் கிலோ.
ஊசி போடும் டாக்டர் எண்ணைக் கொடுத்து
"அவருகிட்ட நீங்களே கேளுங்க" என்றாள்.
மூலையில் ஒன்று, நாங்கள் பேசப் பேச
திரும்பாமலே தூங்கியது.
"அதுக்குக் காது கேக்காது.
அத விக்கிறதில்ல, எங்கிட்டயே கெடக்கும்.
உங்களுக்கு முடியலைன்னாலும்
இங்கதான் கொண்டாந்து விடணும்.
தெருவுல விட்டா நான் காட்பாடிக்கே வருவேன்."

அன்றைக்குக் குட்டி தரவில்லை.
இன்னும் ஒரு மாசம் தாயோடு இருக்கட்டும் என்றாள்.
முன்பணத்தை நீட்டினேன்.
அதை விட்டுவிட்டு என் விலாசத்தை எழுதிக்கொண்டாள்,
பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் சேர்த்து.

விடிகாலை நான்கு மணிக்குக்
கைவீசிக்கொண்டு காட்பாடியில் இறங்கினேன்.
செவ்வாய்க்கிழமை.
மேடையில் நான்கு பெட்டிகள்.
வீட்டுக்குப் போகவில்லை.

ஒரு காலிப் பெட்டியைத் தேடி எடுத்து
முதலில் அதைத் தராசில் வைத்தேன்.
பிறகு குட்டியோடு ஒன்றை.
லேப், நாற்பத்தைந்து நாள் என்றது சீட்டு.

கழித்தேன்.
ஒரு கிலோ நூறு.

ரிஜிஸ்டரில் அதற்கென்று கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.